கழுகு தன் அலகை உடைத்துக்கொள்ளுமா? விலங்குகளை வைத்து வேதபாடம் எடுப்பவர்களுக்கு

கேள்வி: மே மாத விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) ஐந்து நாளும் வீட்டு விலங்குகளையும் பறவைகளையும் வைத்துப் பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கழுகு அலகை உடைத்துக்கொண்டு புதுப்பெலன் அடையும் கதை, மேய்ப்பன் ஆட்டுக்குட்டியின் காலை ஒடிக்கும் கதை, இரண்டையும் சொல்லலாமா? நாய், பூனைக்கு வசனம் உண்டா? செத்துப்போன நாய் பரலோகம் போகுமா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

அந்த இரண்டு கதைகளும் வேண்டாம். கேட்கிறவர்கள் கண்கலங்குவார்கள் என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஒன்று பறவையைப் பற்றிய பொய், மற்றது மேய்ப்பனைப் பற்றிய பொய். விலங்கை வைத்துப் பாடம் எடுப்பவர் இரண்டு இடத்தில் பரீட்சை எழுதுகிறார். அந்த விலங்கு நிஜமாகவே அப்படிச் செய்கிறதா என்பது ஒன்று, வசனம் நிஜமாகவே அப்படிச் சொல்கிறதா என்பது மற்றொன்று. இரண்டிலும் தேறினால்தான் அது பாடம்.

கழுகுக் கதையை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப்போகுமாம். மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் மோதி அலகை உடைக்குமாம். புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்கி, 150 நாள் கழித்துப் புதிதாய்ப் பறந்து, இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். பறவையின் அலகு எலும்பின்மேல் போர்த்திய கெரட்டின் உறை. நம் நகம்போல அது தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். எலும்போடு உடைந்தால் திரும்ப முளைக்காது. அலகில்லாத கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, ஐந்து மாதம் பட்டினி கிடந்து பிழைக்கவும் முடியாது. காட்டில் வாழும் பெரிய கழுகுகளின் ஆயுளே பெரும்பாலும் இருபது முப்பது வருஷம்தான். இறகு புதுப்பிப்பது மட்டும் உண்மை. அதுவும் ஒரே அடியாக உதிர்வதில்லை. பறக்கும் திறன் கெடாதபடி ஒன்றிரண்டாக விழுந்து ஒன்றிரண்டாக முளைக்கும். சங்கீதம் 103:5இல் கழுகைப்போல வயது திரும்ப வாலவயதாவது பற்றி வருகிற வரிக்கு இந்த இறகுதிர்ப்பே போதும். மோதலும் ரத்தமும் தேவையில்லை.

எட்டாம் வகுப்புப் பையன் அன்று மாலையே போனில் தேடிப் பார்த்துவிடுவான். கழுகு விஷயத்தில் டீச்சர் அளந்தார் என்று தெரிந்துவிட்டால், மறுநாள் நீங்கள் சொல்லப்போகும் இயேசுவின் காலியான கல்லறையையும் அதே கணக்கில்தான் எழுதுவான். இதனால்தான் இதில் கறாராக இருக்கச் சொல்கிறேன்.

சரி, ஏசாயா 40:31க்கு என்ன சொல்வது? "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்." இங்கே எபிரெயத்தில் உள்ள சொல் நெஷெர். அது கழுகையும் குறிக்கும், நம் பழைய தமிழில் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகையும் குறிக்கும். மீகா 1:16இல் நெஷெரைப்போல மொட்டையாயிரு என்று வருகிறது. தலையில் இறகில்லாதது பிணந்தின்னிதான். பலஸ்தீன மலைகளில் வாழும் அந்தப் பறவை ஆறு முதல் பதினொரு கிலோ வரை எடை உள்ளது, இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டர் அகலம். இவ்வளவு கனமான உடம்பைச் சிறகடித்தே வெகுநேரம் மேலே வைத்திருக்க முடியாது. அதனால் அது விடிந்தவுடன் கிளம்புவதில்லை. பாறை விளிம்பில் உட்கார்ந்தே இருக்கும். வெயிலேறி, பாறை சூடாகி, சூடான காற்று மேலே எழும்பத் தொடங்கியதும் இறக்கையை விரித்து அதில் ஏறிக்கொள்ளும். பிறகு வட்டமடித்து வட்டமடித்து மேலே போகும், சிறகை அசைக்காமலே.

வசனத்தின் தொடக்கத்தை இப்போது திரும்பப் படியுங்கள்: கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ. அலகை உடைக்கும் கதையில் பறவை தன்னைத்தானே வதைத்துப் பெலன் தேடுகிறது. ஏசாயாவின் பறவை கீழிருந்து வரும் காற்றுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நேர் எதிர். நம் மொழிபெயர்ப்பில் "செட்டைகளை அடித்து" என்று இருந்தாலும் மூலத்தின் கருத்து சிறகை உயர்த்தி மேலெழும்புவது என்பதே.

இதைக் காட்ட நாட்டைவிட்டு எங்கும் போக வேண்டாம். காலை பத்தரை, பதினொரு மணிக்குப் பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்து வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரும்பருந்தோ செம்பருந்தோ ஊர்மேல் சுற்றும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, இரண்டு நிமிஷத்தில் எத்தனை தடவை சிறகடிக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு காக்காயையும் அப்படியே எண்ணட்டும். மேகமூட்டமான நாளிலும் காலை எட்டு மணிக்கும் இந்தச் சோதனை சரிவராது, காற்று சூடேறியிருக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதுவும் பாடம்தான். உபாகமம் 32:11இல் கழுகு குஞ்சைச் செட்டையின்மேல் சுமப்பதாக வருவது மோசேயின் பாட்டு. பாட்டைப் பாட்டாகவே சொல்லுங்கள், பறவை நூலாக்க வேண்டாம்.

ஆட்டுக்குட்டியின் கால் விஷயம் இதைவிட மோசம். ஓடிப்போகும் குட்டியின் காலை மேய்ப்பன் ஒடித்து, கட்டுப்போட்டு, ஆறும்வரை தோளில் சுமப்பான், அதன்பின் அது அவனை விட்டு விலகாது என்று சொல்வார்கள். வேதத்தில் எங்கும் இது இல்லை. எந்த மேய்ப்பனும் இதைச் செய்யமாட்டான். ஒடிந்த கால் ஒன்றுகூடி ஆற வாரக்கணக்கு ஆகும். அதுவரை முப்பது நாற்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒன்றைத் தோளில் சுமப்பது நடக்கிற காரியமா? கால் ஒடிந்த ஆடு மேயாது, இளைக்கும், சீழ் பிடித்துச் சாகவும் சாகும். ராமநாதபுரம் பக்கம் கிடை போடும் கீதாரி (ஆட்டு மந்தை ஓட்டுகிறவர்) ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். லூக்கா 15:5 சொல்வது வேறு. கண்டுபிடித்தபின் அவன் "சந்தோஷத்தோடே" அதைத் தோள்களின்மேல் போட்டுக்கொள்கிறான். வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருக்கலாம். ஆண்டவர் அன்பினால்தான் காலை ஒடிக்கிறார் என்பது அந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும்?

ஆடு மடத்தனமான பிராணி, அதனால்தான் நம்மை ஆடு என்கிறார் என்பதும் மேடையில் அடிக்கடி கேட்பது. செம்மறி மந்தைப் பிராணி. தனித்துவிட்டால் பதறும், ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும். ஓநாய்க்குத் தப்ப அதற்கிருக்கும் ஒரே வழி அது. அறிவுக்குறைவு என்று சொல்ல முடியாது. 2001இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வில் செம்மறிகள் ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு வருஷம்வரை நினைவில் வைத்திருந்தன. யோவான் 10இல் இயேசு ஆட்டின் புத்தியைக் குறைசொல்லவே இல்லை. அது மேய்ப்பனின் சத்தத்தை அறியும், அந்நியனுக்குப் பின்செல்லாது என்று அதன் திறமையைத்தான் சொல்கிறார்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு மத்தேயு 25:32 (மேய்ப்பன் செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கிற உவமை) சொல்வதற்குமுன் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வித்தியாசம் காட்டுங்கள். வால் தூக்கி நின்றால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. வெள்ளாடு எம்பித் தழை கடிக்கும், செம்மறி குனிந்து புல் மேயும். இதைக் காட்டிவிட்டு வெள்ளாடு பாவியின் சின்னம் என்று முடித்துவிடாதீர்கள். பஸ்கா பண்டிகைக்குப் பலியிடும் ஆட்டையே செம்மறியிலிருந்தோ வெள்ளாட்டிலிருந்தோ தெரிந்துகொள்ளலாம் என்கிறது யாத்திராகமம் 12:5. அந்த உவமையில் பிரிவினை நடப்பது பசித்தவனுக்குச் சோறு கொடுத்தார்களா என்பதை வைத்துத்தான். வாலை வைத்து அல்ல.

ஐந்து நாளில் ஒரு நாளை முழுசாகக் கோழிக்குக் கொடுங்கள். இயேசு தம்மையே ஒப்பிட்டுச் சொன்ன வீட்டுப் பறவை அது. "கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும் வண்ணமாக" (மத்தேயு 23:37). சிங்கம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நாட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்தால் 21 நாள். வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படும்படி இருக்கும். நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் கால்மணி நேரம், இறங்கி இரையெடுத்து எச்சமிட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளும். இடையிடையே முட்டைகளை அலகால் புரட்டும், புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பொரிப்பதற்கு ஒரு நாள் முன்பே குஞ்சு உள்ளிருந்து சத்தம் கொடுக்கும், தாய் பதில் கொடுக்கும். குஞ்சு வெளியே வரும்போதே தாயின் குரல் அதற்குப் பழகியது. கூண்டுப் பண்ணையில் முட்டைக்காக வளர்க்கும் வெள்ளை லெகார்ன் அடைக்கே உட்காராது. அடை உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும் என்பதால் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். ஆகவே பாடத்துக்கு நாட்டுக்கோழிதான்.

பொரித்தபின் கவனிக்க வேண்டியது இதுதான். முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பண்ணையில் பல்பு போட்டு முதல் வாரம் 35 டிகிரி அளவுக்கு வைத்து, வாரம் மூன்று டிகிரியாகக் குறைப்பார்கள். தாய்க்கோழி அந்த பல்பு. குஞ்சுகள் கொஞ்சநேரம் மேயும், குளிர்ந்ததும் ஓடிவந்து சிறகுக்குள் புகும், சூடேறியதும் மறுபடி வெளியே வரும். தீனி கண்டால் தாய் தணிந்த குரலில் கொக்கொக் என்று அடுக்கிக் கூப்பிடும். மேலே பருந்து நிழல் தட்டினால் வேறொரு நீண்ட குரல். அடுத்த நொடி அது இருந்த இடத்திலேயே பதிந்து சிறகைத் தாழ விரிக்கும்.

அங்கே நிறுத்துங்கள், பிள்ளைகளிடம் கேளுங்கள்: கோழி ஓடிப்போய்க் குஞ்சைத் தூக்கிவந்ததா? இல்லை. பூனை குட்டியைக் கவ்வித் தூக்கும், கோழிக்கு அதற்கு வாயும் இல்லை கையும் இல்லை. கூப்பிடும், சிறகை விரிக்கும், அவ்வளவுதான் அதால் முடியும். வருவதும் வராததும் குஞ்சின் கையில். அதனால்தான் அதே வசனம் "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று" என்று முடிகிறது. வராத குஞ்சைத்தான் பருந்து தூக்கும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்த வசனத்துக்கு விளக்கமே வேண்டாம்.

காட்டுத்தீயில் கருகிய கோழி, அதன் சிறகடியில் உயிரோடிருந்த குஞ்சுகள் என்ற கதையை விட்டுவிடுங்கள். ஊர் பேர் மாறி மாறி வருகிற கதை அது, தாயைக் கருக்கும் சூடு கையளவுக் குஞ்சை விட்டுவைக்காது. கோழியின் நிஜமான 21 நாளே போதுமான பிரசங்கம்.

அடைக்கோழியை வகுப்புக்குத் தூக்கிவராதீர்கள். மிரண்டுபோய் அடையை விட்டே எழுந்துவிடும், முட்டை கூமுட்டையாகும். குஞ்சுகளோடு மேயும் கோழியைப் பார்க்கப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போய், பத்தடி தள்ளி உட்காரவைத்து, இருபது நிமிஷம் பேசாமல் பார்க்கவிடுங்கள். பரிசு என்று சாயம் பூசிய குஞ்சுகளை வாங்கிக் கொடுப்பது அறவே கூடாது. அவை முட்டைப் பண்ணைக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். தாய்ச்சூடு இல்லாமல் பெரும்பாலும் சில நாளில் சாகும். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்குவதால் முதலில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், அவ்வளவே.

சேவலுக்கு ஒரு பத்து நிமிஷம் போதும். வெளிச்சம் வந்தபின்தான் கூவும் என்று நினைப்போம். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தினால் விடியுமுன்பே கூவும். மாற்கு 13:35இல் "சேவல் கூவும் நேரம்" என்பதே ராத்திரியின் ஒரு ஜாமத்துக்குப் பெயர். இயேசுவை மறுதலித்து, சேவல் கூவியதும் பேதுரு அழுதது இருட்டில்.

அடுத்து குருவி. இங்கே தமிழ் வேதாகமம் நமக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. சிட்டுக்குருவியை அது அடைக்கலான் குருவி என்கிறது. வீட்டு எறவாணத்தில் அடைக்கலம் புகுகிற குருவி. சங்கீதம் 84:3இல் அதற்குக் கர்த்தருடைய பீடங்களண்டையில் வீடு கிடைக்கிறது. பக்கத்தில் தகைவிலான் குருவிக்குக் கூடும் கிடைக்கிறது. வேறு மொழியில் படிப்பவருக்குப் பெயரிலேயே பாடம் இருக்காது.

கணக்குப் போட்டுக் காட்ட நல்ல இடம் இது. மத்தேயு 10:29இல் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12:6இல் இரண்டு காசுக்கு ஐந்து. மத்தேயுவின் விலைக்கு நாலுதான் வர வேண்டும், ஐந்தாவது எங்கிருந்து வந்தது? கொசுறு. அந்தக் காசு அசாரியோன் என்ற ரோமக் காசு, பதினாறு சேர்ந்தால் ஒரு தெனாரியம், அது கூலியாளின் ஒரு நாள் சம்பளம். இன்றைக்கு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்தால் ஒரு காசு 50 ரூபாய். 100 ரூபாய்க்கு நாலு குருவி வாங்கினால் வியாபாரி ஐந்தாவதைச் சும்மா போடுகிறான். அதற்கு விலையே இல்லை. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்பது அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான். மளிகைக் கடையில் 25 கிராம் கடுகு வாங்கி ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் வையுங்கள். ஏறக்குறைய ஒரு சிட்டுக்குருவியின் எடை.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "குருவியையே விழவிடமாட்டார், உன்னை விழவிடுவாரா?" என்று பேசிவிடுவார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. குருவி விழுகிறது. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்பதே வசனம். அதற்கு முந்தின வசனம் சரீரத்தைக் கொலைசெய்கிறவர்களைப் பற்றியது. அடிபடப்போகிற சீஷர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. உனக்கு ஒன்றும் நேராது என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அந்த வருஷமே அப்பாவைப் பறிகொடுக்கும் பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

கைவேலைக்குக் குருவிக் கூண்டு செய்யச் சொல்லுங்கள். அடிப்பலகை 15 சென்டிமீட்டர் சதுரம், வாசல் துளை 32 மில்லிமீட்டர். துளை பெரிதானால் மைனா வந்துவிடும். வாசலில் குச்சி நட வேண்டாம், குருவிக்கு அது தேவையில்லை, குஞ்சைத் தூக்க வரும் காக்கைக்குத்தான் அது வசதி. மத்தியான வெயில் படாத சுவரில், எட்டுப் பத்தடி உயரத்தில், பூனை ஏற முடியாத இடத்தில் மாட்டுங்கள். முட்டை பொரிய பன்னிரண்டு நாள்போல, குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். பெரிய குருவி தானியம் தின்னும், குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். கோயில் வளாகத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே கூண்டு மாட்டினால் பலனில்லை. ஓட்டுக்கூரையும் எறவாணமும் போய் காங்கிரீட் வந்தபின் நம் ஆலயங்களில் பீடத்தண்டை குருவிக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டோம். 84ஆம் சங்கீதத்தை மட்டும் விடாமல் பாடுகிறோம்.

நாய்க்கு வருவோம். வளர்ப்பு நாயின் நன்றியைப் புகழும் வசனம் நம் 66 புத்தகங்களில் இல்லை. அந்தக் காலத்து நாய் பெரும்பாலும் ஊருக்கு வெளியே குப்பை கிளறித் திரிந்த நாய். அதற்காக நாயைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மத்தேயு 15:27இல் கானானியப் பெண் சொல்வது மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்கிற, வீட்டுக்குள் வளரும் நாய்க்குட்டியை. சாப்பாட்டு வேளையில் மேஜையடியில் உட்கார்ந்து, கையையே பார்த்துக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்தவர்களுக்கு அவள் ஜெபம் புரியும். உரிமை கேட்கவில்லை, நகரவும் இல்லை. சிரிக்கவைக்க நீதிமொழிகள் 26:17 இருக்கிறது. தனக்குச் சம்பந்தமில்லாத வழக்கில் தலையிடுகிறவன் நாயைக் காதைப் பிடித்து இழுக்கிறவன். காதைப் பிடித்தபின் கடி வாங்காமல் விடுவது எப்படி என்று பையன்களையே கேளுங்கள்.

"என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்பதை விளக்க நாயைப் பயன்படுத்தலாம், உவமை என்று சொல்லிவிட்டு. ஒரே சொல்லை வீட்டுக்காரரும் அந்நியரும் கூப்பிட, நாய் யாரிடம் போகிறது என்று பாருங்கள். கூப்பிட்டால் வராத நாயும் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றே. வா என்று கூப்பிட்டு வந்ததும் அடித்திருப்பார்கள், அல்லது கட்டிப்போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அடி என்று அது கற்றுக்கொண்டது. பழக்க வேண்டுமென்றால் வந்ததும் ஒரு துண்டு பிஸ்கட், தட்டிக்கொடுப்பு, பத்து நாள் விடாமல். "ஆண்டவர் உன்னைக் கூப்பிடுகிறார்" என்ற வாக்கியத்தைத் திட்டும்போது மட்டும் பயன்படுத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம்.

பூனைக்கு வசனம் கேட்டீர்கள். நம் வேதாகமத்தில் வீட்டுப் பூனை ஓரிடத்திலும் இல்லை. கத்தோலிக்கர் வேதாகமத்தில் பாரூக்கு ஆறாம் அதிகாரத்தில் சிலைகளின்மேல் ஏறி உட்காருவதாக ஒரே ஒரு தடவை வருகிறது. அதே வேதாகமத்தில் தோபித்து புத்தகத்தில் தோபியாவோடு பயணம் போய் அவனோடே திரும்பிவரும் நாய் ஒன்று உண்டு. வளர்ப்புப் பிராணியைப் பற்றி எல்லோருக்கும் பொதுவான பகுதி வேண்டுமென்றால் 2 சாமுவேல் 12. ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் தட்டில் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, மடியில் படுத்து, மகளைப்போல இருந்தது. நாத்தான் தீர்க்கதரிசி அந்தக் குட்டியின் கதையை வைத்தே தாவீது ராஜாவின் தவறைப் பிடித்தான்.

கழுதைக்கு எண்ணாகமம் 22. பிலேயாமின் கழுதை முதலில் வயலுக்குள் விலகியது, அடி. பிறகு சுவரோரம் ஒதுங்கி அவன் காலை நெருக்கியது, அடி. விலக இடமில்லாமல் படுத்துவிட்டது, மறுபடி அடி. கழுதையின் இயல்பு இதுதான். குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நின்றுவிடும். நாம் பிடிவாதம் என்கிறோம். வழியை மறித்து நின்ற தூதன் பிலேயாமின் கண்ணுக்குத் தெரிந்ததும் கேட்கும் முதல் கேள்வி, கழுதையை மூன்றுதரம் அடித்ததென்ன என்பது. இதுவரை ஒழுங்காயிருந்த பிராணி திடீரென்று முரண்டு பிடித்தால் முதலில் குளம்பையும் வாயையும் முதுகுப் புண்ணையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இதே வைத்தியம்.

எறும்பைச் சுருக்கமாக முடிக்கலாம். நீதிமொழிகள் 6 சொல்வது தானியம் சேர்க்கும் எறும்பு வகையை. ராணி எறும்பு முட்டையிடுமே தவிர உத்தரவு போடாது, ஆகவே தலைவனும் அதிகாரியும் இல்லை என்ற வரி சரியாகவே இருக்கிறது. நொய்யும் சீனியும் இரண்டு இடத்தில் வைத்துக் கால்மணி நேரம் பார்க்கச் சொன்னால் போதும். களத்தில் போரடிக்கிற மாட்டை வாய்கட்டாதே என்ற உபாகமம் 25:4ஐப் பவுல் இரண்டு தடவை எடுத்து ஊழியக்காரனின் சம்பளத்துக்குப் பொருத்துகிறார். உபதேசியார் சம்பளம் நாலு மாதம் பாக்கி இருக்கிற சபையில் இந்தப் பாடத்தைப் பெரியவர்கள் வகுப்பில் வைப்பது நல்லது.

பிராணிகளை வகுப்புக்குக் கொண்டுவந்தால் சில காரியங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நாய் என்றால் வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டைக் கண்ணால் பார்த்தபின்பே உள்ளே விடுங்கள். வார் கையில் இருக்கட்டும், பிடித்திருப்பவர் பெரியவராக இருக்கட்டும், இருபது நிமிஷத்துக்குமேல் வேண்டாம். கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஊசிக்கு அழைத்துப் போக வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. கோழி, குஞ்சு தொட்ட கையைக் கழுவாமல் பிஸ்கட் கொடுக்காதீர்கள், அதன் எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம். ஆலயத்தில் வைத்து அதைக் காட்டுவது, "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" (நீதிமொழிகள் 12:10) என்று எழுதிய பலகைக்குக் கீழே என்றால் இன்னும் கேவலம்.

கடைசிக் கேள்வி, செத்த நாய். அடித்துச் சொல்லாதீர்கள், எந்தப் பக்கமும். மிருகங்களின் ஆவி எங்கே போகிறதென்று அறிகிறவன் யார் என்று பிரசங்கி 3:21 கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. ஆதியாகமம் 9இல் நோவாவோடு செய்த உடன்படிக்கையில் மிருகங்களும் சேர்த்தி. சிருஷ்டி முழுவதும் விடுதலைக்குக் காத்திருக்கிறது என்கிறது ரோமர் 8. அந்தப் பகுதியை வைத்து 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி, மிருகங்களும் புதுப்பிக்கப்படும் என்றே பிரசங்கித்தார். வேறு விதமாகச் சொன்ன போதகர்களும் உண்டு. பிள்ளையிடம் இவ்வளவும் பேச வேண்டாம். "ஒரு குருவியைக்கூட ஆண்டவர் மறக்கிறதில்லைன்னு இயேசு சொல்லியிருக்கார், உன் டாமியையும் மறக்கமாட்டார்" என்று சொல்லலாம். லூக்கா 12:6 பேசுவது சந்தையில் விலைபோன குருவியை என்பதால், இது வசனம் தாங்குகிற அளவுக்கு மிகாத பதில்.

தூங்குகிறது என்று சின்னப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், ராத்திரி படுக்கப் பயப்படும். ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றும் வேண்டாம், அவர்மேல் கோபம் வரும். நாய்தானே, வேறு வாங்கிக்கலாம் என்று அந்த வாரமே புதுக் குட்டி கொண்டுவருவதும் தவறு. வெறிபிடித்துச் செத்ததோ என்ற சந்தேகம் இருந்தால் பிள்ளையைக் கிட்டே விடாமல் பெரியவர்கள் கையுறை போட்டு அப்புறப்படுத்த வேண்டும். மற்றபடி மூன்றடி ஆழத்தில், கிணற்றுக்குத் தள்ளி, பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டே புதையுங்கள். ஜெபம் பண்ணச் சொன்னால் பிள்ளை நாயின் பேரைச் சொல்லி, அது செருப்பைக் கடித்ததுவரை எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லும். நடுவில் திருத்தாமல் ஆமென் மட்டும் சொல்லுங்கள்.